தொட்டிலை ஆட்டுவது யார்?

பிள்ளை பெற்றவள் வீட்டோடு இருப்பதா, வேலைக்குத் திரும்புவதா? பொங்கல் வந்தால் பட்டிமன்றம், புத்தாண்டு வந்தால் பட்டிமன்றம், தலைப்புக்குப் பஞ்சம் வந்தால் இந்தத் தலைப்பு! அந்தப் பக்கம் மூவர், இந்தப் பக்கம் மூவர், நடுவிலே ஒரு நகைச்சுவை நடுவர். ‘பிள்ளைக்குத் தேவை தாயின் மடி’ என்கிறது ஓரணி, கைதட்டல். ‘பெண்ணுக்குத் தேவை சொந்தக் கால்’ என்கிறது மற்றோரணி, அதற்கும் கைதட்டல். இறுதியிலே நடுவர் எழுந்து, குடும்பத்தை அனுசரித்து வேலை, வேலையை அனுசரித்துக் குடும்பம் என்று வழவழ கொழகொழவென ஒரு தீர்ப்பை வழங்கிவிட்டு, போர்த்திய பொன்னாடையோடு புறப்பட்டுவிடுகிறார். அனுசரிக்க வேண்டியவர் யார்? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே விளங்குகிறதே, பிறகேன் சொல்வது!

தோழர்களே! இந்தக் கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்பதைக் கவனித்தீர்களா? நாற்று நடும் தாயை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. பச்சை உடம்பு ஆறுமுன்னே சேற்றிலே இறங்கினாள். வரப்போரத்து மரக்கிளையிலே பழஞ்சேலையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டாள். அழுகுரல் கேட்டால் ஓடிவந்து பால் கொடுத்தாள். மேஸ்திரி முறைத்தால் பாதிப் பாலிலே இறக்கிவைத்துவிட்டு மீண்டும் நாற்றைப் பிடித்தாள். ‘அம்மா, உன் இடம் வீடல்லவா, பிள்ளையைப் பார், கூலியை வீட்டுக்கு அனுப்புகிறோம்’ என்று எந்தப் பண்ணையார் சொன்னார்? வால்பாறையிலே கொழுந்து கிள்ளும் தாயிடம் எந்தத் துரை கெஞ்சினார்? 2015 செப்டம்பரிலே மூணாற்றுத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே எட்ட நிற்கச் சொல்லிவிட்டுப் போனசுக்காகச் சாலையில் உட்கார்ந்தார்களே, அவர்களிலே எத்தனை தாய்மார்! அன்றைக்குத் தாய்மையின் புனிதம் பேசும் நாவுகளெல்லாம் எந்த மேல்வாயில் ஒட்டிக்கொண்டிருந்தன?

இன்னொருத்தி இருக்கிறாள், பீடி சுற்றுகிறவள். தென்காசிப் பக்கம் போனால் திண்ணைக்குத் திண்ணை காணலாம். மடியிலே முறம், முறத்திலே இலையும் தூளும், முழங்காலருகே தவழும் பிள்ளை. வீட்டிலேதான் இருக்கிறாள்; வேலையும் செய்கிறாள்; ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இவளை எந்த அணியிலே சேர்ப்பீர்கள், பட்டிமன்றத்தாரே? வீட்டோடு இருக்கும் தாய் என்று வாழ்த்துப்பா பாடுவீர்களா? பிள்ளையின் மூச்சிலே புகையிலைத் தூள் ஏறுகிறதே, அதற்கும் சேர்த்தா பாடுவீர்கள்?

மாதச் சம்பளம் வாங்குகிறவளைப் பார்த்துத்தான் கேள்வி எழுகிறது. அவள் யாரோ பங்களாவாசி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இந்தியா முழுவதும் பதிவு பெற்ற தொழிற்சாலைகளிலே வேலை செய்யும் பெண்கள் 100 பேரென்றால், அவர்களில் 43 பேர் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள் என்று 2019-20 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு கூறிற்று. திருப்பூரிலே தையல் மெஷின், ஆம்பூரிலே தோல், ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மின்னணுப் பொருள். அவள் உங்கள் தங்கை, உங்கள் மனைவி, நாளைக்கு உங்கள் மகள். இது தொழிலாளர் பிரச்சினை, தோழர்களே. சமையலறைச் சங்கதி என்று ஒதுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்.

முதலாளி என்ன செய்கிறார்? திரும்புவதா என்ற கேள்விக்கே இடம் வைக்காமல், வாசலிலேயே வடிகட்டிவிடப் பார்க்கிறார். கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளிலே ஒரு காலத்தில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று கொடிகட்டிப் பறந்தது. பெயரைப் பாருங்கள், எவ்வளவு மங்கலம்! மணமாகாத பெண் மூன்றாண்டு விடுதியிலே அடைந்து கிடந்து உழைக்க வேண்டும். முடிவிலே கல்யாணச் செலவுக்கென்று மொத்தத் தொகை. அத்தோடு கணக்கு முடிந்தது. கழுத்திலே தாலி ஏறுமுன் உள்ளே, ஏறப்போகிறது என்றால் வெளியே. பிள்ளைப்பேறு என்ற பேச்சே ஆலைச் சுவருக்குள் நுழையாதபடி போட்ட வேலி அது.

அது பழைய பஞ்சாலை, புதிய யுகத்திலே அப்படி நடக்குமா என்பீர்கள். 2024 ஜூனிலே ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் பாக்ஸ்கான் தொழிற்சாலையிலே மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்த்தார்கள், குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, அதிக விடுப்பு என்று காரணம் காட்டினார்கள் என்பது செய்தி. மெட்டியும் தாலியும்கூடக் காரணப் பட்டியலிலே வந்தன! நிறுவனம் பாகுபாடு இல்லையென்று மறுத்தது. மத்திய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. மறுப்பு மறுப்பாக இருக்கட்டும். செய்தியைப் படித்த தமிழ்நாட்டுப் பெண்களிலே ‘அப்படியா!’ என்று வியந்தவர் எத்தனை பேர்? ‘இதிலென்ன புதுமை?’ என்று பக்கத்தைப் புரட்டியவர் எத்தனை பேர்? உங்கள் வீட்டிலே கேட்டுப் பாருங்கள்.

ஏன் இந்த வேலி? கணக்குத்தான். மகப்பேறு விடுப்புச் சம்பளத்தை யார் தருவது என்பதிலே இருக்கிறது முடிச்சு. 1928-லே பம்பாய்ச் சட்டசபையிலே ஆலைப் பெண்களுக்கான மகப்பேற்றுச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு தருவது நாட்டுக்கே நன்மை, ஆகவே சுமையின் பெரும்பங்கை அரசு தாங்க வேண்டும் என்றும் சொன்னார். 1929-லே பம்பாயிலும் 1934-லே சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்தது. வந்த சட்டங்கள் சுமையை முதலாளி தலையிலே மட்டும் வைத்தன. முதலாளி தலையை ஆட்டினார். சுமையோடு பெண்ணும் சேர்ந்து கீழே விழுந்தாள். பெண்கள் நிறைந்திருந்த பம்பாய், கோவை ஆலைகளிலே பின்வந்த ஆண்டுகளில் பெண்கள் அருகிப்போனதற்கு இதுவே முழுக் காரணமென்று சொல்லமாட்டேன். இரவு ஷிப்ட் தடை, வேலைப்பளு மாற்றம், ‘குடும்பத் தலைவன்’ ஆண்தான் என்ற கூலிக் கொள்கை, நம் தொழிற்சங்கங்களின் வாய்மூடித்தனம், எல்லாம் சேர்ந்து தள்ளின. இதுவும் ஒரு கை கொடுத்தது.

1961-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் தந்தது. 2017-லே முதலிரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள்ளே குடிபோய்விட்டது. 26 வாரம் அப்படியே இருக்கிறது, சுமையும் முதலாளி தலையிலேயே இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே வேறொரு வழி பல்லாண்டாக நடந்துகொண்டிருக்கிறதே! ஈ.எஸ்.ஐ. அதிலே 100 ரூபாய் கூலிக்கு முதலாளி 3 ரூபாய் 25 காசு, தொழிலாளி 75 காசு. ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் எல்லாக் கூலியிலிருந்தும் எடுத்து ஒரு பொது உண்டியலிலே போடப்படுகிறது. மகப்பேற்றுச் சம்பளம் அந்த உண்டியலிலிருந்து வருகிறது. பெண்ணை எடுத்தாலும் அதே சந்தா, ஆணை எடுத்தாலும் அதே சந்தா! அங்கே முதலாளிக்கு ‘இவள் பிள்ளை பெற்றால் என் பணம் போகுமே’ என்று பதறக் காரணமில்லை. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவள் அந்த உண்டியலுக்கு வெளியே நிற்கிறாள். அவளுடைய 26 வாரம் முதலாளியின் கண்ணிலே 26 முள்.

இப்போது நம் மாநிலத்தைப் பாருங்கள். ஒரே தமிழ்நாட்டிலே மூன்று வகைத் தாய்மார். அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு, நல்லது, போற்றுகிறேன். தனியார் தொழிற்சாலைத் தாய்க்கு 26 வாரம். வயலிலும் கட்டடத்திலும் வீட்டுவேலையிலும் உழைக்கும் தாய்க்கு விடுப்பு தர முதலாளியே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி இருக்கிறது. 2018-லே அது 18,000 ரூபாயாக்கப்பட்டது. அதிலே 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகம். அதை வைத்து எத்தனை மாதம் கூலியில்லாமல் இருப்பாள்? அரசாணையின்படி பிள்ளை ஆறு மாதத்திலே வளர்ந்துவிடுகிறதா, பன்னிரண்டு மாதத்திலே வளர்கிறதா? தாயின் முதலாளி யாரென்று பார்த்தா பிள்ளை தவழ்கிறது?

இங்கேதான் நான் விரல்வைத்துக் காட்ட விரும்பும் இடம் இருக்கிறது. ஆறு மாதத்திலே விடுப்பு முடிகிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடி பிள்ளையை இரண்டு வயதிலே சேர்த்துக்கொள்கிறது. அதற்கு முன்னே சத்துமாவு தரும். பிள்ளையை நாள் முழுதும் வைத்துக்கொள்ளாது. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே 18 மாதம். அந்தப் பதினெட்டு மாதம் பிள்ளை எங்கே? இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாததால்தான் பெண் வேலையை விடுகிறாள். தாய்மை பொங்கி வழிந்து விட்டாள் என்று நாம் கவிதை எழுதுகிறோம்! பாட்டி இருக்கும் வீட்டிலே தாய் வேலைக்குத் திரும்புகிறாள். பாட்டி இல்லாத வீட்டிலே திரும்புவதில்லை. நம் நாட்டின் மிகப் பெரிய குழந்தைக் காப்பகம் பாட்டியின் மடிதான். அந்தக் கிழவிக்குச் சம்பளம் உண்டா, விடுமுறை உண்டா, மூட்டுவலிக்கு ஓய்வு உண்டா? மகளின் உரிமையை அம்மாவின் முதுகிலே ஏற்றிவிட்டு, பார் எவ்வளவு முன்னேறிவிட்டோம் என்கிறோம்.

சட்டத்திலே காப்பகம் இல்லாமலில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலே இருந்தது. 2017 திருத்தம் 50 பேருக்கு மேற்பட்ட நிறுவனமெல்லாம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. புதிய தொகுப்பிலும் அது இருக்கிறது. ஏட்டிலே தொட்டில் ஆடுகிறது. ஆலையிலே? ‘குழந்தைகள் காப்பகம்’ என்று எழுதிய பலகைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கதவைத் திறந்து பார்த்த தோழர் எத்தனை பேர்?

இது நம் நாட்டு நோய் மட்டுமென்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனியைப் பாருங்கள், ஒரே மொழி பேசும் மக்கள், போருக்குப் பிறகு இரண்டு அரசாகப் பிரிந்து நாற்பதாண்டு வாழ்ந்தார்கள். மேற்கு ஜெர்மனியிலே, மனைவி வேலைக்குப் போகலாம், ஆனால் குடும்பக் கடமைக்கு இடையூறில்லாவிட்டால்தான் போகலாம் என்று சட்டமே எழுதி வைத்திருந்தார்கள். 1977 வரை அந்தச் சட்டம்! பிள்ளையைக் காப்பகத்திலே விட்டு வேலைக்குப் போனவளுக்கு அங்கே ஒரு வசைப்பெயர் உண்டு, ‘அண்டங்காக்கைத் தாய்’ என்று. கிழக்கு ஜெர்மனியிலோ ஊருக்கு ஊர் குழந்தைக் காப்பகம் திறந்தார்கள். தாய்மார் ஆலைக்குப் போனார்கள். அந்த அரசிலே சுதந்திரம் இல்லை, அதைப் பாராட்ட நான் வரவில்லை. வீட்டுவேலையை ஆண்கள் பங்கிட்டுக்கொண்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளைகள் தாயன்பு அறியாத தறுதலைகளாகிவிடவில்லையே! நாடு ஒன்றான பின், எந்த ஜெர்மனி பிறரை ‘காக்கை’ என்று ஏசிற்றோ, அந்த ஜெர்மனியே 2013 ஆகஸ்டு முதல், ஒரு வயதான பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் பெறுவது சட்டப்படி உரிமை என்று எழுதிக்கொண்டது.

காக்கையைப் பழித்தார்கள் ஜெர்மானியர்கள். நம் பாட்டிமார் என்ன சொன்னார்கள்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றார்கள். காக்கை இரைதேடப் போகிறது, திரும்பி வருகிறது, ஊட்டுகிறது. போனதனாலே குஞ்சு பித்தளையாகிவிடவில்லை. (கூட்டிலே ஆண் காக்கையும் இரை கொண்டுவந்து ஊட்டுகிறது என்பதைக் கணவன்மார் கவனிக்க!)

கணவன்மார் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆலை வாசலிலே வேலி போட்டவர் முதலாளி, வீட்டு வாசலிலே? 1929-லே செங்கற்பட்டிலே கூடிய மாநாடு, சொத்திலும் தொழிலிலும் பெண்ணுக்குச் சம உரிமை என்று தீர்மானம் போட்டது. ஆண்டுதோறும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், கைதட்டுகிறோம். கூட்டம் முடிந்து நள்ளிரவிலே வீடு திரும்பி, ‘சோறு போடு’ என்கிறோம். 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பு, கூலியில்லாத வீட்டுவேலைக்குப் பெண் நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88 நிமிடம் என்று சொல்லிற்று. அந்த 88-ஐக் கண்டு மீசையை முறுக்காதீர்கள். அன்றைக்கு ஏதேனும் வீட்டுவேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே அது. துரும்பை எடுத்துப் போடாத துரைமார் அதிலே சேரவேயில்லை. 2019 கணக்கெடுப்பிலே, ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 100 பேரில் ஏறத்தாழ 26 பேர்தான் அன்றாடம் வீட்டுவேலையிலே கைவைத்தவர்கள். மற்ற 74 பேர் யார்? முதலாளித் தெருவிலே மட்டும் குடியிருப்பவர்களா? நம் கொடிக்கம்பத்தைச் சுற்றி நிற்பவர்கள் இல்லையா?

எட்டு மணி நேர வேலைக்காக ரத்தம் சிந்திய வர்க்கம் நாம். ஆலையில் எட்டு, வீட்டிலே ஐந்து என்று பதின்மூன்று மணி நேரம் ஒருத்தி உழைக்க, ‘உன்னால் முடியவில்லையா, வேலையை விட்டுவிடேன், நானா போகச் சொன்னேன்?’ என்று கேட்பது எந்த ஊர்ச் சமதர்மம்?

‘விட்டுவிடேன்’ என்பது எளிது. விட்டால் என்ன ஆகிறது? டென்மார்க் நாட்டுக் கணக்கை ஆராய்ந்து 2019-லே அறிஞர்கள் வெளியிட்டார்கள். முதல் பிள்ளை பிறந்தபின் தாயின் வருவாய் நீண்டகாலத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தே நிற்கிறது. தகப்பனுக்கு அந்தச் சரிவு இல்லை. காப்பகம் மலிந்த நாட்டிலே அந்தக் கதி! இங்கே முழுதாக விட்டவளுக்கு வைப்புநிதி நின்றது, பணிமூப்பு போயிற்று, கைப்பழக்கம் போயிற்று. ஐந்தாண்டு கழித்துத் திரும்பினால் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக் கீழே ஒப்பந்தக் கூலி. புருஷன் நல்லவனாக இருந்தால் நாள் ஓடும். குடிக்கத் தொடங்கினால்? விபத்திலே போய்விட்டால்? வேறொருத்தியைத் தேடிக்கொண்டால்? பிள்ளையோடு நடுத்தெருவிலே நிற்பவளுக்குத் தாய்மையின் புனிதம் ஒரு படி அரிசி வாங்கித் தருமா?

ஆகவே என் கட்சி இது: முதல் ஆண்டு, விரும்பும் தாய்க்கெல்லாம் சம்பளத்தோடு வீடு. அதற்கு மேல், அவள் வேலை அவளுக்காகக் காத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு இடம் காத்திருக்க வேண்டும். அதன்பின்னும் வீட்டோடு இருக்கவே விரும்புகிறாளா, இருக்கட்டும். அவளை ‘சும்மா இருக்கிறாள்’ என்று சொல்லும் வாயைத்தான் கண்டிக்க வேண்டும். வீட்டுவேலைக்கு விலையுண்டு என்பதை நீதிமன்றங்களே சொல்லிவிட்டன. 2021 ஜனவரியிலே உச்ச நீதிமன்றம், விபத்திலே இறந்த இல்லத்தரசிக்கும் வருமானம் கணக்கிட்டு இழப்பீடு தரவேண்டும் என்றது. செத்தபிறகு விலை! 2023 ஜூனிலே சென்னை உயர் நீதிமன்றம் ஒருபடி மேலே போயிற்று: கணவன் வெளிநாட்டிலே சம்பாதித்து வாங்கிய சொத்திலே, இங்கே வீட்டைக் கட்டிக் காத்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 15-லே தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்க்கு ‘உதவி’ என்று பெயரிடாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டார்கள். நாளைக்கு 33 ரூபாய் கூலியாகாது என்பது எனக்கும் தெரியும். பெயரிலே உள்ள அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னும் கேட்கலாம்.

தகப்பனுக்கு விடுப்பு? ஸ்வீடன் 1974-லேயே தாய், தகப்பன் இருவரும் எடுக்கலாமென்று பெற்றோர் விடுப்பைப் பொதுவாக்கிற்று. இன்று 480 நாள். அதிலே 90 நாள் தகப்பனுக்கென்றே ஒதுக்கியது, அவன் எடுக்காவிட்டால் வீணாகும். நம் ஆலைகளிலே அப்படியொரு விடுப்பு வந்தால் அதை வாங்கிக்கொண்டு டீக்கடையிலே உட்காராமல் தொட்டிலருகே உட்கார எத்தனை பேர் தயார் என்று இப்போதே கைதூக்கச் சொன்னால், கூட்டம் கொஞ்சம் கலையும்தான்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் எழுதப்போகிறீர்கள். முதலில் ஊதிய உயர்வு, பிறகு பஞ்சப்படி, பிறகு போனஸ், பிறகு கேன்டீன், கடைசித் தாளிலே கையெழுத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு ‘குழந்தைக் காப்பகம்’, வழக்கம் அதுதானே? பேரம் தொடங்கியதும் முதலில் உதிர்வதும் அதுதானே? இந்த முறை அதை இரண்டாவதாக எழுதுங்கள். ஆறு மாதப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுமா, காலை ஆறுமணி ஷிப்டுக்குத் திறக்குமா, இரவு பத்துவரை இருக்குமா, எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆயா, அந்த ஆயாவுக்கு என்ன சம்பளம் என்று வரிவரியாக எழுதுங்கள். எழுதும் குழுவிலே கைக்குழந்தைக்காரி ஒருத்தியாவது உட்காரட்டும். அவள் கூட்டத்துக்கு வரும் மாலையிலே பிள்ளையை அவள் புருஷன் வைத்துக்கொள்ளட்டும்.